எதிர்த்தரப்புக்கு ஒரு பத்தி

பள்ளி மணி ஒன்பதுக்கு அடிக்க வேண்டும்.
இதுதான் என் கட்சி.
நீல அட்டையில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டு,
படுக்கைக்கு மேலே ஒட்டிவைத்தேன்.
விழித்ததும் கண்ணில் படும்.
விழிக்கத்தான் முடியவில்லை.

ஆதாரம் தேடியது கஷ்டமாகவே இல்லை.
வெந்நீர்க் குழாய்கள் முனகும் நூலக மூலையில்
மூன்று மருத்துவர்கள் எனக்காகவே காத்திருந்தார்கள்:
பதினாறு வயது உடம்புக்கு
இரவு பதினொன்றுக்கு முன் தூக்கம் வராதாம்.
நான்காமவர் வரைபடமே போட்டிருந்தார்.
அட்டைக்கு ஒரு சான்று, மூலையில் பக்க எண்,
ரப்பர் வளையம் மாட்டினால் சீட்டுக்கட்டு.
கையில் இருப்பதெல்லாம் துருப்பு.

திருமதி ப்ருனெட்டி திட்டத்தாளைத் திருப்பித் தந்தபோது
காலியாக விட்ட கட்டத்தைச் சிவப்பில் சுற்றியிருந்தார்.
"எதிர்த்தரப்புக்கு ஒரு பத்தி.
படித்துவிட்டு அவர்களே
ஆமாம், நாங்கள் சொல்வது இதைத்தான்
என்று தலையாட்ட வேண்டும்."

ஒரு பத்திதானே.
பத்து நிமிட வேலை.

பேருந்துக் கொட்டகையில் ரேமண்ட் லாத்தி
சக்கரத்திலிருந்து சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.
நிற்கிற வண்டி ஒன்பது, ஓட்ட ஏழு பேர்.
முதல் நடை எங்களுக்கு,
இரண்டாம் நடை பொடிசுகளுக்கு.
"உன்னைத் தூங்க விட்டுவிட்டு
முதல் நடையில் யாரை ஏற்றட்டும், செல்மா?"
வாதாடவில்லை, கேட்டார், அவ்வளவுதான்.
குடுவை மூடியில் பாதிக் காபியை ஊற்றி
என் பக்கம் தள்ளினார்.

குறித்துக்கொண்டேன்:
ஆறு ஐம்பது மணி. ஆறு வயது.

இந்தக் கீவினா முனையில், சுப்பீரியர் ஏரிக் காற்றில்,
சனவரிச் சூரியன் எட்டரை தாண்டித்தான் வேலைக்கு வருகிறது.
அதனிடம் யாரும் தாமதச் சீட்டு கேட்பதில்லை.

மறுநாள் ஆறேமுக்காலுக்கு
அடுத்த வீட்டு ஆர்வோ நிற்கும் முனைக்குப் போனேன்.
அவன் அந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பான்.
அவன் குல்லாயின் குஞ்சம் என் இடுப்பு வரை வரும்.
அந்த உயரத்துக்குக் குந்தினேன்.
பனிமேடு இருந்தது.
சாலை இல்லை.
தெருவிளக்கின் மேல்பாதி மட்டும் இருந்தது.
பிறகு பனிவாரி வந்தது;
அதன் மஞ்சள் விளக்கு என் தலைக்கு மேலாகச் சுழன்று போனது,
ஓட்டியவர் கண்ணில் நான் படவில்லை.
வாரி எறிந்த பனி கழுத்துக்குள் இறங்கியது.
எழுதலாமென்று எடுத்தால் பேனா உறைந்திருந்தது.
கோட்டுப் பையின் அடியில்
கடித்த பென்சில் ஒன்று கிடைத்தது.

பத்தி இரண்டு பக்கமாகிவிட்டது.
அதற்காக என் சீட்டுக்கட்டு ஒன்றும் மெலியவில்லை.
மருத்துவர்கள் சொன்னது சொன்னதுதான்.
வேதியியல் வகுப்பில்
நோட்டின் சுருள்கம்பி கன்னத்தில் தடம் பதிக்க
நான் தூங்கியதும் நடந்ததுதான்,
வகுப்பே எண்ணிப் பார்த்தது, பதினொரு வளையம்.

இந்த உண்மையும் அந்த உண்மையும்
ஒரே ஏழு வண்டியில் ஏறியாக வேண்டும்.

நீல அட்டையைச் சுவரிலிருந்து உரித்தேன்.
கிழிக்கவில்லை, திருப்பினேன்.
பின்பக்கத்தில் எழுதினேன்: இன்னும் இரண்டு ஓட்டுநர்கள்?
அதன் கீழே: சம்பளம் எவ்வளவு?
அதன் கீழே: யார் தருவது?
அதன் கீழே இடமில்லை.
"ஆகவே" என்று தொடங்கும் கடைசிக் கட்டம்
இன்னும் "ஆகவே"யோடு நிற்கிறது.
வியாழக்கிழமை கெடு.

இன்று காலை படியேறியபோது
லாத்தி வானொலியின் சத்தத்தைக் குறைத்தார்.
"யார் ஜெயித்தது?"
"இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது."
"நல்லது," என்று கதவைச் சாத்தினார்.

மூன்றாவது சன்னலோரம்.
கண்ணாடியில் உள்பக்கமும் பனி.
அட்டைகளை மறுபடி அடுக்கலாமென்று
ரப்பர் வளையத்தைக் கழற்றியது நினைவிருக்கிறது.
அடுத்த நிறுத்தம் வந்தது தெரியாது.
எழுப்பியவர்கள் சொன்னார்கள்,
ஆதாரமெல்லாம்
இருக்கைக்கடியில் சிதறிக் கிடந்ததாம்.