நேரக் கொப்பி

வருடக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்கிறீர்கள்.
எனக்குப் பேச்சு வராது.
கொப்பி வாசிக்க வரும்.

மல்லாவிச் சங்க மண்டபம்,
நாற்பது கதிரை, இருபத்தாறு பேர்.
ஒரு மின்விசிறி சுழல்கிறது,
மற்றது சத்தம் மட்டும் போடுகிறது.
மேசையில் கேடயங்கள்.
ஒன்றில் ஓட்டக் கழகம் என்பது
ஓட்டைக் கழகம் என்று அச்சாகி வந்திருக்கிறது.
அதை யார் தலையில் கட்டுவது என்று
நிர்வாகம் இன்னும் முடிவெடுக்கவில்லை.

வாசிக்கிறேன்.

தை, முதல் ஞாயிறு, வவுனிக்குளக் கட்டு, ஐந்து கிலோமீற்றர்.
டிலக்சன், பத்தொன்பது நிமிசம் நாற்பது செக்கன்.
வந்ததும் சத்தி எடுத்தான்.
அதையும் எழுதியிருக்கிறேன்.

இன்பராணி, முப்பத்தொரு நிமிசம்.
மூன்று பிள்ளைக்கும் புட்டவித்து மூடிவிட்டு வந்தவ.
தையில் பாட்டாச் செருப்பு, மாசியில் சப்பாத்து.
அதை யார் வாங்கி வைத்ததென்று
இங்கே எல்லோருக்கும் தெரியும்,
இன்பராணிக்குத் தெரியாது.
ஆகவே அந்தப் பெயரை வாசிக்கவில்லை.
திரும்பிப் பார்க்காதீர்கள், தயவுசெய்து.

ஜெசிந்தா ஓடியதே இல்லை.
ஆசுபத்திரி இரவு வேலை முடிந்து
அதே வெள்ளைச் சட்டையோடு துருசடியில் நிற்பா.
வாளியில் தேசிக்காய்த் தண்ணி, ஒரு கை உப்பு.
குவளையை நீட்டும்போது
கையைப் பார்க்க மாட்டா, முகத்தைப் பார்ப்பா.
"இண்டைக்குக் காணும். இரு" என்று
இரண்டு பேரை மறித்திருக்கிறா.
இரண்டு பேரும் முன்வரிசையில் இருக்கிறார்கள்.
இருக்கிறார்கள்.

கேதீஸ், யானை வெடி.
விடிய முன்னம் மோட்டார் சைக்கிளில்
கட்டு முழுக்கப் போய்
லத்தி சூடா என்று பார்த்து வருவார்.
பங்குனியில் சூடாக இருந்தது.
அந்தப் பக்கத்தில் நேரமே இல்லை,
'எல்லாரும் தேத்தண்ணிக் கடையில்' என்று மட்டும்.

கழகத்துக்கு ஒரே விதி:
பற்றைக்குள் இறங்கக் கூடாது.
கொழும்பிலிருந்து ஓட வந்த பிள்ளை ஏனென்று கேட்டது.
பாம்பு என்றோம்.
பாம்பும் உண்டு.

இனி, நவரூபன்.

கடைசி ஆளுக்குப் பின்னால் வருவது அவன் வேலை.
கடைசி ஆள் நடந்தால் நடப்பான்.
குந்தினால் குந்துவான்.
அழுதால் நெல்லு விலை கதைப்பான்.
ஆறு வருசம், அறுபத்தெட்டு ஞாயிறு,
ஒருவரையும் கட்டில் விட்டுவிட்டு வந்ததில்லை.

கடைசி ஆள் கோட்டைத் தாண்டியதும்
நான் மணிக்கூட்டை நிறுத்துவேன்,
கொப்பியை மூடுவேன்,
மேசையை மடித்து ஓட்டோவில் ஏற்றுவேன்.
அதற்குப் பிறகு வருவான் அவன்,
வழியெல்லாம் பொறுக்கிய போத்தல்கள்
உரப்பையில் கலகலக்க.

நேற்றிரவு சான்றிதழ் எழுதக் கொப்பியைப் புரட்டினேன்.
டிலக்சனின் வாந்தி இருக்கிறது.
மழை இருக்கிறது. தேத்தண்ணிக் கணக்கு இருக்கிறது.
நவரூபன் ஒரேயொரு இடத்தில்:
'நவரூபனிடம் பேனை வாங்கியது, திருப்பிக் கொடுக்க வேண்டும்.'

யானை நுழையும் ஓட்டை.
அந்தக் கேடயத்தை எனக்குத் தாருங்கள்,
எழுத்துப் பிழை இல்லை அது.

அவனுக்கு என்ன கொடுப்பதென்று
விடியும்வரை யோசித்தேன்.
வரும் ஞாயிறு நான் ஓடுகிறேன்,
இந்த முழங்காலோடு.
கடைசியாகத்தான் வருவேன், சந்தேகமில்லை.
பின்னால் ஆளிருக்கிறது, பயமுமில்லை.
மேசையை மடிக்க வேண்டாம்.
நான் வந்த பிறகும் மணிக்கூடு ஓடட்டும்.
எனக்கு அடுத்த வரியில்
ஒரு பெயரும் ஒரு நேரமும் விழுந்த பிறகு
கொப்பியை மூடுங்கள்.

அவ்வளவுதான்.
நவரூபன், பின்னால் கதிரை அடுக்குவதை நிறுத்து,
ஆட்கள் இன்னும் இருக்கிறோம்.
முன்னுக்கு வா.
இந்தா உன்ர பேனை.
மை முடிஞ்சு போச்சு.