அச்சுவாரியாக

ராணிப்பேட்டை சிப்காட், மூணாவது கேட்டுக்கு எதிரே
அறுபது டன் எடைமேடை.
ராத்திரி ஷிஃப்ட் என்னுடையது.
பதினொன்றே காலுக்கு வந்தது எத்திராஜின் டிரெய்லர்.
கான்பூர் தோல் ஷெட்டுகளுக்குக் குரோம் உப்பு.

நாற்பத்து நாலாயிரத்து முந்நூறு என்றது திரை.
"டோட்டல் கரெக்டா கீதுல்ல? சீட்டைக் குடும்மா."

மொத்தம் சரிதான்.
ஆனால் வண்டி தரையைத் தொடுவது ஐந்து கோடுகளில்.
சித்தூர் ரோட்டில் இப்போது
ஒவ்வொரு கோடாகக் கேட்கிறார்கள்.
போன வாரம் ஒருவரை
இரண்டு நாள் வெயிலில் நிறுத்திவிட்டார்கள்.
"ரிவர்ஸ் எடுங்கண்ணா," என்றேன்.

முன்சக்கரம் மட்டும் மேடையில்:
ஆறாயிரத்து முந்நூறு.
எஞ்சின் வண்டி முழுசும் ஏறியதும்
பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்.
கழித்தால்,
இழுக்கிற அச்சின் தலையில் பதிமூணாயிரத்து அறுநூறு.
அதற்கு அனுமதி பதினொன்றரை டன்.
பின்னால் மூன்று அச்சுகள்,
இருபத்தேழு டன் தாங்கக்கூடியவை,
இருபத்து நாலு சொச்சத்தோடு
காற்று வாங்கிக்கொண்டு வந்திருக்கின்றன.

மேஸ்திரி முனிரத்தினம் டார்ச் அடித்தார்.
வால்பக்கம் பதிமூணு அடி காலி.
சாயங்காலம் வர வேண்டிய பீப்பாய்களுக்கு விட்ட இடம்.
பீப்பாய்கள் வரவில்லை,
இடம் மட்டும் ஏறிக்கொண்டது.

சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
மூட்டை இருபத்தைந்து கிலோ.
முன்னாலிருந்து நூற்று எண்பத்து நாலு மூட்டை
பதிமூணு அடி பின்னே போக வேண்டும்.
பால்பாயிண்ட் பேனாவில்
அது ஒரு சின்ன அம்புக்குறி.

"இதுக்கு யார் கூலி?" என்றார் ஜபருல்லா.
ஏற்றுகூலி உண்டு, இறக்குகூலி உண்டு,
நகர்த்துவதற்கு ரேட்டே கிடையாது.
கம்பெனிக்குப் போன் போட்டார்கள்.
அது அடித்து அடித்து ஓய்ந்தது.

எத்திராஜ் லுங்கியை மடித்துக் கட்டி
இழுக்கிற அச்சின் உள்டயரைக் காலால் தட்டினார்.
நாயுடுபேட்டை தாண்டி ஒருமுறை
இதே இடத்து டயர்தானாம்.
அதற்குமேல் சொல்லவில்லை.
டீசல் பணத்திலிருந்து ஆயிரத்து எண்ணூறு எண்ணினார்.
பிறகும் பேரம் நடந்தது,
இருநூறு ஏறியது, ஒரு பீடிக்கட்டும்.

பத்துப் பேர். தார்ப்பாய் விலகியது.
பச்சைத் தூள் வியர்வையில் பட்டு
கழுத்து வழியாக இறங்கியது.
வண்டி மேடைமேலேயே நின்றதால்
நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன்.
எந்த மூட்டை எங்கே போனாலும்
பத்துக் கிலோ இப்படி, பத்துக் கிலோ அப்படி,
மறுபடி அதே எண்.
ஒன்றே முக்கால் மணி நேரம்.
திரையைக் கேட்டால்
இங்கே ஒன்றுமே நடக்கவில்லை.

"எல்லாரும் இறங்குங்க, எடை எடுக்கணும்."
இறங்கினார்கள்.
நாற்பத்து நாலாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறிலிருந்து
முந்நூறுக்கு வந்து நின்றது.
ஐந்நூற்றுத் தொண்ணூறு கிலோ, பத்துப் பேர்.
தன்னால் வகுத்துவிட்டது மனசு:
ஆளுக்கு ஐம்பத்தொன்பது.
கேட்காமல் தெரிந்துகொண்டதில்
கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

முன்னே ஆறாயிரத்து இருநூறு.
இழுக்கிற அச்சு பதினொன்றாயிரத்து நானூறு.
பின்னே மூன்றும் சேர்ந்து இருபத்தாறு எழுநூறு.
சீட்டைச் சட்டைப்பையில் செருகி
எத்திராஜ் கியர் போட்டார்.
டிரெய்லரின் பின்விளக்கு
வளைவு வரைக்கும் ஆடாமல் போனது.

மேடை காலி.
திரை பூஜ்யத்துக்கு வரவில்லை.
ஜன்னலால் எட்டிப் பார்த்தேன்.
சூடு ஆறாத இரும்புத் தகட்டின் ஓரத்தில்
ஜபருல்லா மல்லாந்து படுத்திருந்தார்,
பீடி பற்றவைக்கவில்லை.

ஐம்பது என்றது திரை.

அடுத்த லாரி ஹாரன் அடித்தது.