தை, ஐம்பது கிலோ

பரவை மார்க்கெட்டில் பதினாறு வருசம்.
மாதம் எதுவென்று
காலண்டரைக் கேட்டதில்லை.
பிடரி சொல்லிவிடும்.

பங்குனியில் முருங்கைக் கட்டு.
கனமில்லை, ஆனால் நெடுக நீட்டிக்கொண்டு
எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தப் பார்க்கும்.
சித்திரையில் மாங்காய் மூட்டை,
பால் கசிந்து தோள் வெந்துபோகும்.
சின்ன வெங்காயம் இறங்கும் நாளில்
சருகு பறந்து மூக்கில் ஏறி
தும்மித் தும்மி
கணக்குப்பிள்ளை எண்ணிக்கையைத் தவறவிடுவார்.
ஐப்பசி மழையில் எல்லாமே
ரெண்டு கிலோ கூட.
அதற்குக் கூலி கிடையாது.

தை என்றால் மொச்சை.
உசிலம்பட்டிப் பக்கமிருந்து
விடியுமுன் வந்து இறங்கும்.
பனி குடித்த சாக்கை
முதுகில் ஏற்றியதும்
சட்டைக்குள் ஒரு கோடாய்க் குளிர் ஓடும்.
நாளைக்கு அறுபது நடை,
நடைக்கு ஐம்பது கிலோ.

இந்தத் தையில் நான் வீட்டில்.
கழுத்தெலும்புகளுக்கு நடுவே
ஏதோ ஒரு வளையம் பிதுங்கிவிட்டதாம்.
பெரியாஸ்பத்திரி டாக்டர்
படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.
எனக்கு அது
அட்டி போட்ட மூட்டைகளாகத்தான் தெரிந்தது.
கீழிருந்து ரெண்டாவது
கொஞ்சம் சரிந்திருந்தது.
காலர் மாட்டினார்கள்.
குனியக் கூடாது. தூக்கக் கூடாது.
மூணு மாசம்.

ஒச்சம்மாள் மில்லுக்குக் கிளம்புமுன்
மஞ்சப்பை ஒன்றைப் பக்கத்தில் வைத்தாள்.
"ஒரு கிலோதான். இதைத் தூக்கலாம்ல?"

கவிழ்த்த வாளிமேல் தாம்பாளத்தை வைத்து
சுவரில் முதுகைக் கொடுத்து உரித்தேன்.
முதலில் தோடு.
வெந்நீரில் ஊறிய பிறகு
ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும்
சுட்டுவிரலுக்கும் நடுவே.
தோல் கையிலேயே நிற்க
பருப்பு துள்ளி டிவி வரைக்கும் போனது.
எழுந்து, முழங்கால் மடக்கி,
கழுத்து வளையாமல் அதை எடுக்க
ஒரு மூட்டை இறக்கும் நேரம் ஆயிற்று.

உள்ளங்கையில் அது ரெண்டாய்ப் பிரிந்தது.
அப்படியொரு பச்சை.
ஓரத்தில் சின்னதாய் ஒரு முளை,
லாரிக்கு அடியில் தூங்குகிறவன்
காலை மடக்கிக் கிடப்பதுபோல.

பதினாறு தை.
எத்தனை டன் என்று
கணக்குப்பிள்ளை நோட்டில் இருக்கும்.
ஒரு பயறைக்கூட
நான் உள்ளே பார்த்ததில்லை.

பெரிதாய் ஒன்றும் செய்யவில்லை.
காம்பில் முள் இருக்கிற கத்தரிக்காய் நாலு.
நெல்லிக்காயளவு புளி.
தேங்காய்ச் சில்லும் சீரகமும்
மெஹருன் வீட்டு மிக்ஸியில்
ஒரு சுற்று.
மசாலா பாக்கெட்டைக் கையில் எடுத்தேன்,
மோந்து பார்த்தேன்,
திரும்ப வைத்துவிட்டேன்.
பனியோடு வந்த காய்க்கு
எதற்குப் போர்வை?

காலர் போட்டவனால்
சட்டிக்குள் எட்டிப் பார்க்க முடியாது.
காதால்தான் சமைத்தேன்.
கடுகு வெடித்து அடங்கிற்று.
சலசலவென்று கொதித்த குழம்பு
மெதுமெதுவாய்க் குரல் தடித்து
புளக், புளக் என்றதும் இறக்கினேன்.

ஆறரைக்கு வந்தாள், தலையெல்லாம் பஞ்சு.
சோற்றில் ஊற்றிப் பிசைந்து
மூன்று கவளம் வரைக்கும் பேச்சில்லை.
"உப்பு கம்மி."
அப்புறம்,
"இன்னும் இருக்கா?"

இல்லை. ஒரு கிலோ உரித்தால்
ஒரு கிண்ணம்தான்.
சட்டியைச் சாய்த்துக் காட்டினேன்.
அவள் சட்டியைப் பார்க்கவில்லை,
என் கழுத்தைப் பார்த்தாள்.
அதில் குழம்பு தெறித்திருந்தது.

ராத்திரி பத்து மணிக்கு
மேஸ்திரி சோணையிடமிருந்து போன்.
மொச்சை லாரி மூணு நிற்கிறதாம்,
இறக்க ஆளில்லையாம்,
நான் எப்போது வருவேனாம்.

கிலோ என்ன விலை என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"யாருக்குடா?" என்றார்.