பண்ணையில், இரண்டு படி குறைத்து

முதல் படத்தில் சூரியன் இல்லை.
அது நின்ற இடத்தில் வெள்ளையாய் ஒரு ஓட்டை,
பீடி சுட்ட சாரம்போல.

சூரியனுக்குப் பக்கத்து வானத்தை அளந்து
வெளிச்சத்தை இரண்டு படி குறைத்தேன்.
திரும்பி வந்தது,
விளிம்போடு, செம்மஞ்சளாய்,
வேலணைப் பக்கம் கடலுக்கு ஒரு விரற்கடை மேலே.
பஸ் ஒன்று முக்காலியை உலுக்கிப் போனது.

முழங்கால் தண்ணியில் நண்டு வலையோடு நின்ற
எமிலியான் அண்ணை
கரையேறி வந்து திரையை எட்டிப் பார்த்தார்.
"இதில ஆர் இந்தக் கரிக்கட்டை?"
"நீங்கள்தான்."
"என்ர மஞ்சள் சேட்?"
சூரியனுக்குக் குடுத்தாச்சு என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

வலையைத் தோள் மாற்றினார்.
அதில் ஒரு நண்டு
இன்னும் நைலோனைக் கடித்துக்கொண்டிருந்தது.
"ரெண்டு பேரையும் ஒண்டாப் பிடிக்கேலாதோ?"

ஏலும் என்று சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் அது தாழ்ந்துவிட்டது.

பிறகு பத்து நிமிடம்.
வானம் முழுக்க ஒரே சீரான வெளிச்சம்,
யாரையும் எரிக்காதது.
"ஆடாதேங்கோ" என்று
அரைச் செக்கன் திறந்துவைத்தேன்.

சேட் மஞ்சள்தான்.
பொத்தான் ஒன்று இல்லை, அதுவும் தெரிகிறது.
மூச்சுக்கூட விடாமல் நின்றிருக்கிறார் மனுசன்.
நண்டுதான் அசைந்துவிட்டது.