நாற்பத்தேழாவது புகார்

காலையிலிருந்து நாற்பத்தாறு பேருக்கும் ஒரே பதில்:
"எண்களைப் பதிவதே எங்கள் பணி.
பின்னால் இருப்பவர் யாரென அறியோம்."
மனப்பாடம். ஒரு சொடுக்கு.
பெர்னில் மூடுபனி; ஜன்னலுக்கு வெளியே
ட்ராமின் மணி மட்டும் போகிறது.

தூனிலிருந்து ஃப்ராவ் லூத்தி எழுதுகிறார்:
இரவில் என் மடல்களை எவனோ திறக்கிறான்,
நான் எழுதாததை
என் பெயரில் என் தங்கைக்கு அனுப்புகிறான்.
இதோ அவன் எண். எந்த நாட்டுக்காரன், சொல்லுங்கள்.

பார்த்தேன்.
192.168 என்று தொடங்குகிறது.
எந்த நாட்டுக்கும் யாரும் கொடுக்காத எண்;
ஒரு கூரைக்குக் கீழே மட்டும் செல்லுபடியாவது.

இதற்கும் தயார்ப் பதில் உண்டு:
"இந்த முகவரி
உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது."

விரல் நிற்கிறது.
இந்த மடலை அங்கே
முதலில் யார் திறப்பார்?