சாவிக்கொத்து

மதகை அடைத்து ஒன்பது நாள்.
வாய்க்காலில் தண்ணீர் இடுப்புக்கு இறங்கிவிட்டது.
பாலத்தடியில், சேற்றை ஒரு துடுப்பால் தடவித் தடவி
ஒருக்களித்தே சுற்றிக்கொண்டிருந்தது
சிந்து நதியின் குருட்டு டால்பின்.

மொஹானா மீனவர்கள் அதைப் புலன் என்கிறார்கள்.
என் மொழியில் அது என்ன என்று
நான் அவர்களிடம் சொல்லவில்லை.

கைமோவும் மைத்துனர்களும் வலையோடு தூக்கினார்கள்.
லாரியில் மெத்தை. அதன் மேல் அது. அதற்கு மேல் ஈரச் சாக்கு.
வாளியோடு ஏறி உட்கார்ந்தாள் வஜீரான்.
மூச்சுத் துளையில் படாமல் ஊற்றத் தெரிந்தவள்
அவள் ஒருத்திதான்.

ஆற்றுக்கு நாற்பது கிலோமீட்டர்.
பாதி வழியில் பஞ்சர்.

இருபுறமும் கடலை பூத்த வயல்.
விளக்குக்கு வந்து மொய்த்தன அந்துப்பூச்சிகள்,
காய்ப்புழுவின் தாய்கள்,
வைக்கோல் நிறத்தில், கட்டைவிரல் நகம் அளவில்.
அந்த வயலில் இரண்டு ஏக்கர் ஓட்டுநர் பாச்சலுடையது.
இந்தப் போகத்தில் மட்டும் மூன்று முறை மருந்தடித்தானாம்.
"ஒன்று ஆயிரம் முட்டை போடும்," என்றான்.
வஜீரான் சாக்கை நீவினாள்.
"இது மூன்று வருஷத்துக்கு ஒன்று."
அடித்த மருந்து எந்தப் பக்கம் வடிகிறது என்று
யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

பாச்சல் ஒரு வேடிக்கை காட்டினான்.
சாவிக்கொத்தை விளக்கருகே கொண்டுபோய்க் குலுக்கினான்.
பறந்தவை பறந்த இடத்திலேயே இறக்கையை மடித்துப்
பொத்துப் பொத்தென்று விழுந்தன.
"வௌவால் என்று பயம். நமக்குக் கேட்காதது
அதுக்குக் கேட்கும்."
கைமோ சிரித்தான், இன்னொரு தரம் என்றான்.
வேண்டாம் என்றாள் வஜீரான்.

ஜாக்கியின் கிரீச்சும் ஓய்ந்தது.
விழுந்தவை எழுந்து
மறுபடி விளக்கைப் பிடித்துக்கொண்டன,
சூடு வாங்கியும் விடாமல்.
சாக்குக்குள் இருந்ததற்கு
விளக்கு எரிவதே தெரிந்திருக்காது.

அப்போது மறுபடி விழுந்தன.

சாவி பாச்சலின் சட்டைப் பையில்.
நான் அண்ணாந்து பார்த்தேன், வௌவால் இல்லை.
மழை தொடங்குவதுபோல் விழுந்துகொண்டே இருந்தன,
ஈரச் சாக்கின் மேல்,
வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒடுங்கிய மூக்கின் மேல்,
வஜீரானின் மடியில்.

நீரில்லாத இடத்தில்
கரை எங்கே, கரை எங்கே என்று
அது எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்ததோ.
நாங்கள் நான்கு பேர், எட்டுக் காது.

பாச்சல் விளக்கை அணைத்துவிட்டு
இருட்டிலேயே நட்டுகளை முறுக்கினான்.
மடியில் கிடந்தவற்றை வஜீரான் உதறவில்லை.
இன்னும் பத்தொன்பது கிலோமீட்டர்.
வாளியில் கால்வாசித் தண்ணீர்.