கிடைக்கு முந்தின பகல்

பங்குனி பதினெட்டு.
மானூர்க் குளத்துக்குக் கீழ்மடை,
பிசானம் அறுத்த தாள் செருப்பைத் தாண்டிக் குத்துகிறது.
இருநூற்றுப் பன்னிரண்டு ஆடு.
ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்து இழுத்துத் தந்தார் பூலுடையார்.
ஒவ்வொன்றாகத் தோலைக் கிள்ளி ஊசி போட்டது நான்.

முந்தின வாரம் மட்டும் பதினோரு சாவு,
தாடை வீங்கி.
இமையைப் புரட்டினால் சுண்ணாம்பு.
அறுத்துப் பார்த்தால் வயிற்றில்
சிவப்பு நூல் சிக்கிக் கிடந்த மாதிரி புழு.
போடாதே என்று யார் சொல்லியிருக்க முடியும்?
நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

மறுநாள் ராத்திரி
சங்கரலிங்கம் வயலில் கிடை.
ராத்திரிக்கு இவ்வளவு துட்டு,
காவலுக்கு ரெண்டு நேரம் காப்பி,
எல்லாம் பேசி முடித்தாயிற்று.
ஊசிக்கும் கிடைக்கும் நடுவில் ஒரே ஒரு பகல்.
அந்தப் பகலை நான் யோசிக்கவில்லை.
என் பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

வைகாசியில் ஜெபக்கனி வந்தாள்,
சல்லடை, கரண்டி,
பிஸ்கட் டின்னில் ஐஸ் கட்டி.
முழங்கால் போட்டு உட்கார்ந்து
ஒரு சாண் மண்ணை அரைமணி நேரம் படித்தாள்.
“பக்கத்து வயல்ல பீயுருட்டி வண்டு பதினேழு.
இதுல ரெண்டு. ஒண்ணு செத்தது.”

புழுக்கை போட்டது போட்டபடி கிடந்தது
ஒன்றரை மாசமாய்,
மிளகு காயப்போட்டு மறந்த களம் போல.
உருட்டவும் புதைக்கவும் ஆளில்லை.
சங்கரலிங்கம் ஒன்றை எடுத்து விரலில் நசுக்கினார்.
“துட்டு குடுத்து வாங்குன உரம்,
மண்ணுக்குள்ள எறங்க மாட்டேங்கு.
என்ன எளவு சார் இது?”

அவளிடம் ஒரு படிவம் இருந்தது.
மருந்தின் பெயர். எடைக்கு எவ்வளவு.
எத்தனை நாளில் பாதியாகும்,
வெயிலில் எவ்வளவு, இருட்டில் எவ்வளவு.
மண்ணில் இவ்வளவு சேரும் என்று ஒரு எண்.
இவ்வளவு வரை மண்புழு தாங்கும் என்று இன்னொன்று.
முதலதை அடுத்ததால் வகு.
ஒன்றுக்குக் கீழே வந்தால் எழுந்து போகலாம்.
ஒன்றைத் தாண்டினால் உட்கார்.

அந்தக் கணக்கைப் போட்ட நாட்டில்
மாடுகள் தள்ளித் தள்ளி நின்று மேயும் போல.
இங்கே ஒரு வலைக்குள் இருநூறு,
மூச்சோடு மூச்சு உரச,
விடிய விடிய ஒரே இடத்தில்.
‘கிடை’ என்று அதில் வரியே இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்.
பிறகு வகுத்தாள்.
வந்த எண்ணை எனக்குக் காட்டவில்லை.
தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு
குடிக்கத் தண்ணீர் இருக்கா என்றாள்.

பூலுடையாரிடம் கேட்டேன்,
ஊசி போட்டபின் பத்து நாள்
கிடை கட்டாமல் வைத்திருக்க முடியுமா?
“வச்சிருக்கலாம். எங்க வைக்க?”
பாறைப் பக்கம் பொறம்போக்கு கிடக்கே.
“அங்க மட்டும் வண்டு இல்லியா, டாக்டரே?”

நான் டாக்டர் இல்லை, ஆய்வாளர்தான்.
அதைத் திருத்தினேன். கேள்வியை விட்டுவிட்டேன்.

இந்தத் தடவை
இமை வெளுத்ததுக்கு மட்டும் போட்டேன். அறுபத்து நாலு.
காதில் நீலச் சாயம் தடவி வேறு பட்டியில் விட்டோம்.
மற்றது கிடைக்குப் போயிற்று.
போடாமல் விட்டதில் ஒரு குட்டி செத்தது.
பூலுடையார் தூக்கிக்கொண்டு வந்து
ஆபீஸ் வாசலில், ஜீப் நிழலில் கிடத்தினார்.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
திட்டியிருக்கலாம்.

ஜெபக்கனிக்குப் போன் போட்டேன்.
மண்ணைப் பற்றிக் கேட்டாள், வண்டைப் பற்றிக் கேட்டாள்,
குட்டியைச் சொன்னதும்
அந்தப் பக்கம் பேனா நின்ற சத்தம்.

பதிவேட்டில் ஸ்கேல் வைத்துக் கூடுதலாய் ஒரு கோடு இழுத்தேன்.
தலைப்பில்: கிடை நாள்.
கட்டம் ஒடுக்கம்.
தேதி மட்டும்தான் அடங்கும்.